கோதண்டராமன் கடலுக்குப் போன ஞாயிறு

ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் கோதண்டராமனுக்கு வேலை, அழுக்கைத் தேடுவது. பெயிண்ட் உலர்ந்து வரும் பம்பரை வெள்ளை விளக்குக்குக் கீழே நிறுத்தி, எங்கேயாவது ஒரு தூசி, ஒரு முடி, ஒரு கொப்புளம் தெரிகிறதா என்று ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர். இந்த வேலைதான் அவரை அப்படி ஆக்கியதா, அல்லது அவர் அப்படிப்பட்ட ஆள் என்பதால் இந்த வேலை வாய்த்ததா என்பது அவர் மனைவி ரத்னாவுக்கே இன்னும் பிடிபடவில்லை.

டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கேன்டீனில் கழுவி அடுக்கியிருக்கும் தட்டை மறுபடி கழுவுவார். கம்பெனி பஸ்ஸில் யாரோ எண்ணெய்த் தலையைச் சாய்த்த சீட் என்றால், தன் ஊரான சேரப்பணஞ்சேரி வரும்வரை முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்து வருவார். ஆனால் மீன்குழம்பு என்றால் உயிர். அதிலும் ஒரு விதி உண்டு. மீன் மீனாக இருக்கும்போது அவர் கண்ணில் படக்கூடாது. ரத்னா படப்பை மார்க்கெட்டில் வாங்கிவந்து ஆய்ந்து கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டி, சட்டியில் போட்டு மூடும்வரை தெருமுனையில் போய் நிற்பார்.

"கொழம்பானதுக்கு அப்பறம்தான் அது உங்களுக்கு மீனு. அதுக்கு முன்னாடி அது எனக்கு மட்டும்தான் மீனு" என்பாள் ரத்னா.

அவரோடு அதே லைனில், பம்பரைத் துடைத்துக் கொடுக்கிற இடத்தில் சில வருஷம் இருந்தவன் கோபால். கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரன். எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பான். கோதண்டராமனுடைய அருவருப்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான். அவரும் அவன் ஒருவனிடம்தான் கோபித்துக்கொள்ளமாட்டார். ஒரு நாள், "இந்த ஏசி காத்து எனக்கு ஒத்துக்கலண்ணா" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனான். மச்சானோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கினான். அன்றிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "ஒரு நாளு என் போட்ல வாண்ணா, கடல காட்றேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கோதண்டராமனும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை ரத்னாதான் போனைப் பிடுங்கி, "நாளைக்கு லீவுதான், வருவாரு கோபாலு. நல்ல வஞ்சிரமா குடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டாள்.

தனியாகப் போக அவருக்கு உதறல். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த சுடலையைக் கூட்டிக்கொண்டார். தெற்கத்திப் பையன், ஒரகடத்தில் ஒரு அறையில் ஐந்து பேரோடு தங்கியிருப்பவன். "தூத்துக்குடி கடல்லயே கெடந்து வளந்தவன் அண்ணாச்சி நான். நீங்க ஒண்ணுக்கும் வெசனப்படாதீங்க" என்று தைரியம் சொன்னான்.

மறுநாள் இருட்டு பிரியுமுன்னே இரண்டு பேரும் பைக்கில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கோதண்டராமன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தோள்பையில் ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர், ஒரு டிபன் பாக்ஸில் இட்லி, கை துடைக்கிற ஈரத் தாள் ஒரு பாக்கெட், சானிடைசர், ஒரு மாஸ்க். பைக்கை நிறுத்திவிட்டு மணலில் பத்தடி நடந்ததும் கால் புதைந்தது. குனிந்து பார்த்தார். முந்தின நாள் ஆய்ந்து கொட்டிய மீன் குடல். விரலிடுக்கில் வழவழவென்று ஏறிவிட்டது.

"சீ!" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் சீ அது.

கோபால் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் மேலிருந்து கிளம்பிய வாசனையில் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிக்கொண்டார் கோதண்டராமன்.

"இன்னாண்ணா, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வந்துக்கிற?"

"பாக்கத்தானடா கூப்ட்ட?"

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல இப்டி வந்து போட்ட தள்ளு."

தள்ளினார். படகின் விளிம்பைத் தொட்ட கையில் ஏதோ செதிலும் பசையுமாக ஒட்டியது. துடைக்கக் கை எடுப்பதற்குள் அலை வந்து இடுப்புவரை நனைத்தது. பிறகு அந்த ஈரத் தாள் பாக்கெட்டே ஈரத்தில் ஊறிக் கூழாகிப் போனது தெரிந்தது.

படகுக்குள் உட்கார இடம் என்று ஒன்றும் இல்லை. வலை மேட்டின் மேல் உட்காரவேண்டும், இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீரில். அந்தத் தண்ணீரில் பெட்ரோல், பழைய மீன் ரத்தம், ஒரு பீடித் துண்டு, எப்போதோ செத்த நண்டின் கால் ஒன்று எல்லாம் சேர்ந்து படகு சாயும் பக்கமெல்லாம் சாய்ந்துகொண்டிருந்தன. கோதண்டராமன் குந்தவைத்து உட்கார்ந்தார், வேட்டி நனையாமல் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் மாதிரி, பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

கரை மங்கி ஒரு கோடாக ஆனபோது கோபால் வலையைக் கடலில் விட்டான். வலையில் மீன் சிக்க நேரமாகும், அதுவரை தூண்டில் போடலாம் என்றான். ஒரு பாலித்தீன் பையை அவிழ்த்தான். உள்ளே இரை. முந்தாநாள் கணவாய் மீன், அழுகி ஊதா நிறமாகி நூல் நூலாக வந்தது. அந்த நாற்றம் மாஸ்க்கைத் தாண்டி, மூக்கைத் தாண்டி, நேராக நெற்றிக்குள் போயிற்று. கோபால் அதைக் கத்தியால் துண்டு போட்டான். துண்டு போட்ட கத்தியைத் தொடையில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அதே கத்தியால் சின்ன வெங்காயத்தை நறுக்கி ஒரு தூக்குவாளிப் பழைய சோற்றில் போட்டான்.

"சாப்டுண்ணா."

"கோபாலு, அந்தக் கத்தி..."

"கத்திக்கு இன்னா? நல்ல கத்திதான்."

கோதண்டராமன் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அதுவரை வாய் மூடாமல் தூத்துக்குடிக் கடலைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்த சுடலை, திடீரென்று மௌனமானான். முகம் வெளுத்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் நவுருங்க" என்றான். நவுர இடமிருந்தால்தானே. முதல் வாந்தி கோதண்டராமனின் முழங்காலில் விழுந்தது. முந்தின ராத்திரி ஒரகடம் கடையில் பார்சல் வாங்கி வைத்துக் காலையில் தின்ற பரோட்டா அது என்பது தெளிவாகத் தெரிந்தது.

"டேய்! கடல்லயே வளந்தேன்னு சொன்னியேடா!"

சுடலை வாயைத் துடைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தான். "எங்கூரு கோயில்பட்டிக்கு மேக்க அண்ணாச்சி. கம்மாயில கூட தண்ணி கெடையாது. கடல இன்னைக்குத்தான் கிட்டத்துல பாக்கேன்."

கோபால் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. படகு ஆடியதில் சுடலைக்கு மறுபடி வந்தது. இந்த முறை வெளியே எடுத்தான், ஆனால் காற்று எதிர்க்காற்று.

வெயில் ஏறியதும் வலையை இழுக்கும் நேரம் வந்தது. "மச்சான் வரலியே கோபாலு, எப்படித் தனியா இழுப்ப?" என்று கேட்டார் கோதண்டராமன். கோபால் தலையைச் சொறிந்தான்.

"அவன் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்க்கிறான்ணா. ஆள் கெடைக்கல. அதான் உன்னிய..."

"அடப்பாவி! விருந்தாளின்னு நெனச்சி வந்தேன்டா!"

"விருந்தாளிதான். கொஞ்சம் கை குடுக்குற விருந்தாளி."

வலையைப் பிடித்து இழுத்தார். ஈர நைலான், வழுக்கல், பாசி. முதல் பாகத்தில் மீனே இல்லை. சொறிமீன்தான் வந்தது, கூழ் மாதிரி, கண்ணாடி மாதிரி, விரல் பட்டதும் உடைந்து வழிந்தது. பட்ட இடம் அரித்தது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் செருப்பு. ஒரு எண்ணெய்ப் பாக்கெட். இறந்துபோன ஏதோ ஒரு மீன்; அதில் பாதியை ஒரு நண்டு தின்றுவிட்டு, மிச்சப் பாதியை இன்னும் தின்றுகொண்டிருந்தது. நண்டு அவரை நிமிர்ந்து பார்த்தது. ஒவ்வொன்று வரும்போதும் அவர் வாயிலிருந்து "சீ" வந்தது. கோபால் எண்ணத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டான்.

மீனும் வரத்தான் செய்தது. கொஞ்சம் நெத்திலி, நாலைந்து சங்கரா, கையளவு இறால். பின்னே வந்தது ஒரு பெரிய கெளுத்தி. மீசை வைத்த, வழுவழுத்த, கோழை பூசிய மாதிரி ஒன்று. அது கோதண்டராமனின் மடியை நோக்கித் துள்ளியது. அவர் அலறிக்கொண்டு உதைத்தார். உதைபட்ட மீன் கோபாலின் பக்கம் பறந்தது. பிடிக்கப் போன அவன் கையில், கட்டை விரலுக்குக் கீழே, அதன் முள் முழுசாக இறங்கியது.

கோபால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகம் சாம்பலானது. முள்ளைப் பிடுங்கிப் போட்டான்; ரத்தம் சொட்டியது; கை கண்ணெதிரே உப்பத் தொடங்கியது.

"கெளுத்தி முள்ளு வெஷம்ணா. தோள் வரிக்கும் ஏறுது. சூடு வேணும், சூடா எதுனா வேணும்."

படுத்துக்கிடந்த சுடலை தலையைத் தூக்கினான். "எங்க ஊர்ல தேள் கொட்டுனா மூத்திரம் விடுவாவ அண்ணாச்சி. அதும் சூடுதான. நான் வேணா..." என்று பேண்ட் ஜிப்பில் கை வைத்தான்.

"உட்றா ஒக்கார்றா!" என்று கோதண்டராமன் போட்ட கூச்சலில் பக்கத்தில் மிதந்த கடல்காகம் ஒன்று எழுந்து பறந்தது. "இங்க எவனாவது ஜிப்ப தொட்டீங்க, நான் கடல்ல குதிச்சிடுவேன்!"

அந்த அருவருப்பு தாங்காமல்தான் அவருக்கு ஃபிளாஸ்க் ஞாபகமே வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியைக் கடலில் கொட்டினார். தன் தட்டை இன்னொருவர் பார்த்தாலே மூடிவைக்கிற மனிதர், அந்த டப்பாவில் வெந்நீரை ஊற்றி, கோபாலின் ரத்தமும் செதிலும் கோழையும் அப்பிய கையை எடுத்து அதில் முக்கினார். கோபால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். ஆறும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் சிவந்து, கலங்கி, மேலே எண்ணெய் மாதிரி ஏதோ மிதந்தது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் முடிந்தவரை திருப்பிவைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் தேவலண்ணா" என்றான் கோபால் கொஞ்ச நேரம் கழித்து. "கெளம்பலாம். எஞ்சின நீ போடு. நான் சொல்றேன்."

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றபிறகு எஞ்சின் பிடித்தது. இரண்டு ஃபர்லாங் போயிருக்கமாட்டார்கள். கொர்ர்ர் என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது.

"ஃபேன்ல எதுனா சுத்திக்கிச்சு" என்றான் கோபால். அவன் ஒரு கையாலும் சுடலை இரண்டு கையாலுமாக எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினார்கள். தண்ணீருக்கு மேலே வந்த விசிறியில் வெள்ளையாக, உப்பலாக, வீங்கிப்போன ஏதோ ஒன்று நைலான் நூலோடு சேர்ந்து இறுக்கிச் சுற்றியிருந்தது.

கோதண்டராமன் அதை உற்றுப் பார்த்தார். பம்பரில் மயிரிழை தேடுகிற கண்ணுக்கு அது என்னவென்று புரிய ஒரு நொடி போதும்.

"டயப்பர்" என்றார். "எவன் வூட்டுக் கொழந்தையோடதோ. உள்ள... உள்ள இன்னும் கீதுடா கோபாலு."

கோபாலின் வலது கை பூசணிக்காய் மாதிரி இருந்தது. சுடலையால் குனியவே முடியாது, குனிந்தால் வந்துவிடும். கரை கோடாகத்தான் தெரிந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கத்தியக் குடு" என்றார் கோதண்டராமன்.

படகின் பின்விளிம்பில் வயிற்றைக் கொடுத்துத் தொங்கினார். சுடலை அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கணவாய்க் கத்தியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். அறுக்க அறுக்க அது பிதுங்கியது. கடல் தண்ணீரில் எத்தனை நாள் ஊறியதோ, உள்ளே இருந்த பஞ்சு கஞ்சி மாதிரி வழிந்து மணிக்கட்டில் இறங்கியது. கத்திக்கு எட்டாத இடத்தில் விரலை விட்டுத்தான் பிய்க்கவேண்டியிருந்தது. அவர் வாய் நிற்கவே இல்லை. "சீ... த்தூ... பெத்தவன நிக்கவச்சி அடிக்கணும்... சீச்சீ... ஊர்ல குப்பத்தொட்டி வச்சிருக்கானுங்களே எதுக்கு... ஐயோ... மூக்குல பட்டுச்சு..." பாதியில் சுடலைக்கு மறுபடி வந்தது. பெல்ட்டை விட்டால் அண்ணாச்சி கடலுக்குள் போய்விடுவார் என்பதால் அவன் விடவில்லை, திரும்பவும் முடியவில்லை. அது கோதண்டராமனின் முதுகில், வெள்ளைச் சட்டையில் இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பரவால்ல, புடிச்சிக்கோ" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நூலும் அறுந்து அந்த வெள்ளைப் பொட்டலம் மிதந்து போனபோது, அவரும் விளிம்பில் தொங்கியபடியே வாந்தி எடுத்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் தண்ணீர்தான் வந்தது. வாய் கொப்பளிக்க ஃபிளாஸ்க்கைத் தேடினார். காலி. கோபாலின் மஞ்சள் கேனில் தண்ணீர் இருந்தது. அதற்குள் ஏதோ நூல் மாதிரி மிதந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

கரையில் கோபாலின் அக்கா சந்திரலேகா கூடையோடு காத்திருந்தாள். சந்தையில் மீன் விற்று விற்று உரத்துப்போன குரல். படகில் இருந்த கொஞ்சம் மீனைப் பார்த்தாள். பிறகு, தலையிலிருந்து கால்வரை செதிலும் வாந்தியும் பாசியுமாக, ஒற்றைச் செருப்போடு இறங்கிவந்த கோதண்டராமனைப் பார்த்தாள்.

"இன்னாடா கோபாலு, புடிச்சிக்கினு வந்ததுலயே இதுதான் பெருசா கீது. இன்னா மீனுடா இது?"

தம்பியின் கையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. நடந்ததைச் சுடலைதான் சொன்னான், தன் பங்கைக் கொஞ்சம் குறைத்து. அவள் கோதண்டராமனை வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கோபாலின் லுங்கியைக் கொடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே சங்கராவை ஆய்ந்து, அதே கையால் புளி கரைத்து, குழம்பு வைத்துச் சோறு போட்டாள்.

தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மீன் எதைத் தின்றிருக்கும், அந்த டயப்பர் எத்தனை மீனைத் தாண்டி வந்திருக்கும் என்றெல்லாம் மனதில் ஓடியது. ஆனாலும் பசி. ஒரு வாய் வைத்தார். குமட்டிக்கொண்டே தின்றார். குழம்பு நன்றாகவே இருந்தது. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. இரண்டாம் தரம் சோறு வாங்கும்போது சந்திரலேகாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சேரப்பணஞ்சேரியில் ரத்னா அவரை வாசலிலேயே நிறுத்தி, மோட்டார் குழாயைத் திருப்பிவிட்டாள். "வஞ்சிரம் எங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் பார்த்த பார்வையில் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் வியாழக்கிழமை சந்திரலேகாவிடமிருந்து போன் வந்தது. கோபாலின் கை வீக்கம் வடியவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, அவன் மச்சான் இன்னும் காஞ்சிபுரத்திலிருந்து வரவில்லை, டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், நீங்கள் சொன்னால் கேட்பான். கோதண்டராமன் பாதி ஷிஃப்டில் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கேளம்பாக்கத்துப் பக்கம் ஒரு சின்ன கிளினிக். டாக்டரம்மா கையைப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கோத்திருக்கிறது, கீறி எடுக்கவேண்டும், யாராவது கையை ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். சந்திரலேகா முன்னே வந்தாள். பிளேடு பட்டு முதல் சொட்டு வந்ததுமே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மீன் ரத்தம்னா கூட கூடயா பாப்பேன். இவன் ரத்தம் என்னால முடியாது" என்று வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

கோதண்டராமன் வந்து கையைப் பிடித்தார். மஞ்சளும் பச்சையுமாக வந்தது. முள்ளின் ஒரு சின்ன நுனி அதோடு சேர்ந்து வந்தது. அந்த வாடைக்கு முன்னால் கணவாய் எவ்வளவோ மேல். "சீ" என்றார். டாக்டரம்மா அழுத்த அழுத்த, "சீச்சீ... த்தூ... சீ..." என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே இருந்தார். வலியில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்த கோபாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், வாந்தி வர்ற மாதிரி இருந்தா வெளிய போய்டுங்க" என்றார் டாக்டரம்மா.

"வருது மேடம். நீங்க சீக்கிரம் முடிங்க. நான் உட மாட்டேன்."

கட்டுப் போட்டு, ஊசி போட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சந்திரலேகா மாத்திரை வாங்கப் போனாள். ஊசி மயக்கத்தில் கோபால் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வாய் திறந்துகொண்டது. எச்சில் ஒழுகி, அன்றைக்குத்தான் இஸ்திரி போட்டு வந்த யூனிஃபார்ம் சட்டையில் மெல்லப் பரவியது. கோதண்டராமன் குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். முகம் கோணியது. மூக்கை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டு, சந்திரலேகா வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.